காலடிப்பேட்டையில இருந்து வால்டாக்ஸ் ரோடு வரைக்கும்: வரியை ஏத்தினா ஆட்சி போயிடுமா? (நீண்ட இழை)

1/
வழக்கமா சுகர், பிபி, டெங்குன்னு எழுதுற நான் இன்னைக்கு வரியைப் பத்தி எழுதப் போறேன். "வரியை ஏத்தினா அடுத்த எலெக்‌ஷன்ல காலி"ன்னு டீக்கடையில இருந்து டிவி விவாதம் வரைக்கும் எல்லாரும் சொல்றாங்க. வரலாறும் அதைத்தான் சொல்லுதா? சுமார் 340 வருஷத்துக் கதை. வேலை எல்லாம் முடிச்சிட்டுப் பொறுமையா படிங்க.

2/
எங்க ஏரியாவுல இருந்தே ஆரம்பிக்கிறேன். திருவொற்றியூர்ல காலடிப்பேட்டை. இப்போ மெட்ரோ ஸ்டேஷன் பலகையிலயும் அந்தப் பேர் இருக்கு. யாரோ மகானோட காலடி பட்ட இடம்னு பலர் நினைச்சிட்டு இருக்காங்க. உண்மையில அது காலட் பேட்டை. ஜோசப் காலட் என்பவர் 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னர். கம்பெனி வியாபாரத்துக்குத் துணி வேணும். அதுக்காக நெசவாளர்களையும் துணியில சாயச் சித்திரம் போடுறவங்களையும் குடியமர்த்தி ஒரு ஊரை உண்டாக்கினார். சுமார் நூறு வீடு. காலட் பேட்டை நம்ம ஜனங்க வாயில காலடிப்பேட்டை ஆயிடுச்சு.

3/
நெசவாளர்களை இவ்வளவு மெனக்கெட்டு ஏன் குடியமர்த்தணும்? அந்தக் காலத்துல அவங்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனா கால் இருந்தது. வரித் தொல்லையோ அதிகாரி தொல்லையோ தாங்கலன்னா தறியைக் கழட்டித் தூக்கிக்கிட்டு, அடுத்த ராஜா எல்லைக்குப் போயிடுவாங்க. துணி இல்லன்னா கம்பெனி இல்லை. தேர்தல் வர்றதுக்கு இருநூறு வருஷம் முன்னாடி, மக்கள் அரசாங்கத்துக்கு மார்க் போட்ட விதம் இதுதான்.

4/
இப்போ இன்னும் கொஞ்சம் பின்னாடி போகணும். 1678. கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர். கோட்டைக்கு வெளியே நம்ம ஆளுங்க வாழ்ந்த கறுப்பர் நகரத்துல தெருவெல்லாம் குப்பை. சுத்தம் பண்ண ஒரு அதிகாரியைப் போட்டு, அந்தச் செலவுக்கு வீட்டுக்கு வீடு ஒரு சின்ன வரி போட்டார். மக்கள் எதிர்த்தாங்க. கவனிங்க, மதராஸ்ல வீட்டு வரிச் சண்டை குப்பையில இருந்துதான் ஆரம்பிக்குது. இன்னைக்கும் "வரி கட்டுறோம், குப்பையை எடுக்கலையே"ன்னு தானே கேக்குறோம்?

5/
அடுத்து 1686 ஜனவரி. லண்டன்ல இருக்கிற கம்பெனி இயக்குநர்கள், "ஊர்ப் பாதுகாப்புக்கு ஆகுற செலவை ஊர்க்காரங்களே குடுக்கணும்"னு விடாப்பிடியா கேக்குறாங்க. அப்போ கவர்னர் வில்லியம் கிஃபோர்ட். வரி அறிவிப்பு வந்ததும் ஊரே ஸ்தம்பிச்சுது. கடைகள் மூடல். வேலைகள் நிறுத்தம். ஊருக்குள்ள வர்ற தானியமும் நின்னு போச்சு. கவர்னர் பதிலுக்குத் தண்டோரா போட்டார்: அடங்கலன்னா சாதித் தலைவர்களோட வீடுகள் போகும், அவங்களும் ஊரை விட்டுப் போகணும். வேற வழியில்லாம தலைவர்கள் பணிஞ்சாங்க. ஆனா மிரட்டி வாங்கின வரி ஒழுங்கா வசூல் ஆகல.

6/
இங்கதான் கதையில ஒரு புத்திசாலி வர்றார். லண்டன்ல கம்பெனியோட தலைமையில இருந்த ஜோசையா சைல்டு. அவரோட கணக்கு ரொம்ப எளிமை. நம்ம அதிகாரத்தைக் காட்டி ஆறு பென்ஸ் கேட்டா முணுமுணுக்கிறவன், தன்னோட ஆளுங்களே சேர்ந்து போட்ட வரின்னா பொது நன்மைக்கு ஐந்து ஷில்லிங் கூட மனசோட குடுப்பான். ஐந்து ஷில்லிங்னா 60 பென்ஸ். அதாவது பத்து மடங்கு. வரியோட அளவை விட, அதை யார் முடிவு பண்ணாங்கங்கிறதுதான் முக்கியம்னு 17ஆம் நூற்றாண்டுலயே ஒரு வியாபாரி புரிஞ்சிக்கிட்டார்.

7/
அந்த எண்ணத்துல பிறந்ததுதான் நம்ம சென்னை மாநகராட்சி. 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம். 1688 செப்டம்பர் 29 அன்னைக்குத் தொடக்கம். முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். அவருக்குக் கீழ 12 ஆல்டர்மேன்கள். ஆங்கிலேயர், போர்ச்சுகீசியர், யூத வணிகர், இந்து வணிகர்னு கலவையான சபை. நம்ம ரிப்பன் மாளிகைக்கு மூலம், "மக்கள்கிட்ட சண்டை இல்லாம வரி வாங்குறது எப்படி?"ங்கிற கேள்வி.

8/
சரி, திட்டம் பலிச்சுதா? இல்லை. மேயரே கம்பெனி ஆளு. உறுப்பினர்களை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கல. நம்மாளுன்னு பேர் மட்டும், முடிவு வேற எங்கேயோ எடுக்கிறாங்கன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. வரியை எதிர்க்கிறது தொடர்ந்துச்சு. சைல்டு சொன்ன மருந்து சரியான மருந்துதான். ஆனா பாட்டிலுக்குள்ள தண்ணியை ஊத்திக் குடுத்துட்டாங்க.

9/
இனி வால்டாக்ஸ் ரோடு. சென்ட்ரல் பக்கத்துல இருந்து வடக்க போற அந்த ரோட்டுல எத்தனை தடவை டிராஃபிக்ல நின்னிருப்போம்! வால் - மதில். டாக்ஸ் - வரி. 1758-59ல பிரெஞ்சுக்காரங்க மதராஸை முற்றுகை போட்டாங்க. 1767ல ஹைதர் அலியோட குதிரைப்படை ஊர் எல்லை வரைக்கும் வந்துட்டுப் போச்சு. பயந்துபோன கம்பெனி, இப்போ ஜார்ஜ் டவுன்னு சொல்ற பகுதிக்கு வடக்கயும் மேற்கயும் பெரிய மதில் கட்டிச்சு. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. பின்னாளில் ஆற்காட்டு நவாப்புக்கு வட்டிக்குக் கடன் குடுத்துப் பெரும் பணக்காரர் ஆன அதே ஆள்.

10/
மதில் எழும்பிடுச்சு. இப்போ பில் யாருக்கு? "உங்களைக் காப்பாத்தத்தானே கட்டினோம், நீங்களே குடுங்க"ன்னு உள்ள குடியிருக்கிறவங்க தலையில வரி போட நினைச்சாங்க. எதிர்ப்பு கிளம்புச்சு. அப்படி வரி போடுறதுக்குக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டாங்கிற கேள்வியும் சேர்ந்து வந்துச்சு. கடைசியில அந்த வரி வசூல் ஆகவே இல்லை. மதிலும் போச்சு. அதுல மிச்சம் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டு மாடிப்பூங்காவுல இருக்கு. வசூலாகாத வரியோட பேர் மட்டும் ரெண்டரை நூற்றாண்டா பஸ் கண்டக்டர் வாயில ஓடிட்டே இருக்கு.

11/
முறையா மாநகர வரி போடுற அதிகாரம் 1792ல பிரிட்டிஷ் பாராளுமன்றச் சட்டம் மூலமாத்தான் வந்துச்சு. அதாவது மாநகராட்சி பிறந்து நூறு வருஷம் கழிச்சு. நூறு வருஷம் ஒரு நகரத்தை வருமானம் இல்லாம நடத்தினா கால்வாய், குடிநீர், தெரு எல்லாம் எந்த லட்சணத்துல இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. வரி வேண்டாம்னு ஜெயிச்ச மக்களும் அதே சாக்கடைப் பக்கத்துலதான் குடியிருந்தாங்க.

12/
நகரத்துல இப்படின்னா மாகாணம் முழுக்க வேற கதை. தறிக்கு வரி, கைவினைக் கருவிக்கு வரி, சின்னக் கடைக்கு வரி. மொத்தர்பான்னு பேர். காலடிப்பேட்டை மாதிரியான நெசவாளர் ஊர்களுக்கு இது நேரடி அடி. 1852ல கஜுலு லட்சுமிநரசு செட்டியின் சென்னை சுதேசி சங்கம் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்புச்சு. மொத்தர்பாவும் உப்பு ஏகபோகமும் அதுல முக்கியமான புகார்கள். வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்ததைப் பத்தி விசாரிக்க ஒரு கமிஷனே போட்டாங்க. அது நடந்திருக்குன்னு 1855ல அந்தக் கமிஷன் அறிக்கை ஒப்புக்கிச்சு.

13/
அடுத்த காட்சி 1860. 1857 கிளர்ச்சியை அடக்கின செலவுல அரசாங்கக் கஜானா காலி. லண்டன்ல இருந்து ஜேம்ஸ் வில்சன் நிதிப் பொறுப்பாளரா கல்கத்தா வந்து, இந்தியாவோட முதல் வருமான வரியைக் கொண்டு வந்தார். வருஷத்துக்கு 200 ரூபாய்ல இருந்து 500 வரை சம்பாதிச்சா 2 சதவீதம். அதுக்கு மேல 4 சதவீதம்.

14/
எதிர்ப்பு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? மதராஸ் கவர்னர்கிட்ட இருந்தே! சர் சார்லஸ் டிரெவெல்யன். "ராணுவச் செலவைக் குறைங்க, இந்த ஜனங்களுக்குப் பழக்கமில்லாத நேரடி வரி வேண்டாம்"ங்கிறது அவரோட வாதம். வாதம் பண்ணதோட நிக்கல. அரசாங்கத்துக்கு எழுதின அந்தக் குறிப்பை பத்திரிகைகள்ல வெளியாக விட்டுட்டார். மதராஸ்ல கைதட்டல். லண்டன்ல கோபம். 1860லயே பதவியைப் பிடுங்கித் திருப்பி அழைச்சுக்கிட்டாங்க. சென்ட்ரல் பக்கம் மக்கள் பூங்காவை, அதாவது பீப்பிள்ஸ் பார்க்கை, நமக்குத் தந்தவரும் இவர்தான். அயர்லாந்துப் பஞ்சத்துல கெட்ட பேர் வாங்கினவரும் இவரேதான். மனுஷங்க அப்படித்தான்.

15/
வில்சன் அதே வருஷம் ஆகஸ்ட்ல கல்கத்தாவுல இறந்துட்டார். டிரெவெல்யன் சில வருஷத்துல அதே நிதிப் பொறுப்புக்கு இந்தியா திரும்பினார். 1865ல அந்த வருமான வரி காலாவதி ஆச்சு. அப்புறம் வேற வேற பேர்ல வந்து, 1886ல நிரந்தரமா உக்காந்துடுச்சு. இந்தப் பாடத்தை மனசுல வச்சுக்கோங்க: வரியை எதிர்த்தவர் கைதட்டல் வாங்குவார். வரி போனாலும் செலவு போகாது. செலவு இருக்கிற வரைக்கும் வரி வேற வாசல் வழியா வரும்.

16/
இதுவரைக்கும் ஓட்டு இல்லாத காலம். இனிமே ஓட்டு இருக்கிற காலம். 1937 தேர்தல்ல ஜெயிச்சு மதராஸ் மாகாணத்துல ராஜாஜி ஆட்சிக்கு வர்றார். 1937 அக்டோபர் 1, சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு. நல்ல காரியம். ஆனா சாராயக் கலால்ல இருந்து வந்துட்டு இருந்த வருமானம் போச்சே?

17/
அந்த ஓட்டையை அடைக்க 1939ல வந்ததுதான் பொது விற்பனை வரி. இந்தியாவுலயே முதல் முறை. வெறும் அரை சதவீத அளவு. வணிகர்கள் கொதிச்சாங்க. அதே காலத்துல இந்தி எதிர்ப்புப் போராட்டமும் நடந்துட்டு இருந்துச்சு. 1939 அக்டோபர் கடைசியில ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா. ஆனா காரணம் வரி இல்லை, இந்தியாவைக் கேக்காம இரண்டாம் உலகப் போர்ல இழுத்துவிட்டது.

18/
அடுத்த தேர்தல் 1946ல. விற்பனை வரி போட்ட அதே காங்கிரஸ் மதராஸ்ல பெரும்பான்மையோட ஜெயிச்சுது. வரியும் நின்னுது. இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, "குடியை ஒழிக்கப் போறோம், அதுக்குத்தான் இந்த வரி"ன்னு காரணம் வெளிப்படையா இருந்துச்சு. இன்னொண்ணு, அது பொருள் விலைக்குள்ள ஒளிஞ்சுக்கிற வரி. உப்பு, புளி வாங்குறப்போ யாரும் "வரி கட்டினேன்"னு நினைக்கிறதில்லை.

19/
இதுதான் இந்த இழையோட மையம். வரியில ரெண்டு ஜாதி. ஒண்ணு கண்ணுக்குத் தெரியுற வரி: நம்ம பேர் போட்டு வீட்டுக்கு வர்ற சொத்து வரி நோட்டீஸ், சம்பளத்துல பிடிக்கிற வருமான வரி. இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாத வரி: பெட்ரோல்ல, பாட்டில்ல, சோப்புல. ஓட்டைப் பாத்துப் பயப்படுற எந்த அரசாங்கமும் ரெண்டாவது வகையைத்தான் தேடிப் போகும். கட்சி பேதமே கிடையாது.

20/
மதுவிலக்குக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. 1948ல மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971ல கருணாநிதி ஆட்சியில தளர்வு, 1974ல மறுபடி தடை. எம்.ஜி.ஆர். ஆட்சியில மறுபடி கடைகள், 1983ல டாஸ்மாக் நிறுவனம். 2003ல ஜெயலலிதா ஆட்சியில சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கிச்சு. சாராய வருமானத்தை விடணும்னு பிறந்த விற்பனை வரியும் இருந்துச்சு, சாராய வருமானமும் திரும்பி வந்துடுச்சு!

21/
2017ல ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்கள் தானா கூட்டிக் குறைக்கக்கூடிய வரிகள் சுருங்கிப் போச்சு. மது, பெட்ரோல் டீசல், பத்திரப் பதிவு, வாகன வரின்னு கைவிட்டு எண்ணிடலாம். 2023-24ல டாஸ்மாக் மூலமா அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். சென்னை மாநகராட்சி சொத்து வரி வருஷத்துக்கு சுமார் 1,500 கோடி அளவுல ஆரம்பிச்சு இப்போதான் கொஞ்சம் ஏறிட்டு இருக்கு. ஒண்ணு மாநிலம், இன்னொண்ணு ஒரு நகரம். நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனா எந்த வரிக்குத் தெருவுல கூட்டம் கூடும், எதுக்குக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்.

22/
இதை ஏன் ஒரு டாக்டர் சொல்றேன்? அந்த 45,855 கோடியில ஒரு பங்கைக் கட்டினவங்களை நான் ஆண்கள் வார்டுல பாக்குறேன். நாப்பது வயசு. கண்ணு மஞ்சள். வயித்துல தண்ணி. காலு வீக்கம். துறைமுகத்துல சுமை தூக்கினவரு, கம்பெனியில ஷிப்ட் பாத்தவரு, மீன்பிடிப் படகுல போனவரு. அந்தம்மா பக்கத்துல உக்காந்து "இனிமே குடிக்க மாட்டாரு சார்"னு சொல்லும்போது, அவரோட கல்லீரல் சுருங்கிப் போயிருக்கும். அந்தக் குடும்பம் கட்டின வரிக்கு ரசீது கிடையாது.

23/
இப்போ கண்ணுக்குத் தெரியுற வரிக்கு வருவோம். சென்னையில சொத்து வரி 1998ல திருத்தினாங்க. அதுக்கப்புறம் ரெண்டு கழக ஆட்சியும் மாறி மாறி வந்தும் அதைத் தொடல. 2018 ஜூலையில அ.தி.மு.க. அரசு தொட்டுச்சு. குடியிருப்புக்கு 50 சதவீதம் வரை, மத்ததுக்கு 100 சதவீதம் வரை. தி.மு.க. போராட்டம் நடத்துச்சு. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கின 2019 நவம்பர்ல அரசே அதை நிறுத்தி வச்சுது.

24/
2022 பிப்ரவரி 22, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிவு. தி.மு.க. அணி பெரும் வெற்றி. ஏப்ரல் 1, சொத்து வரி உயர்வு அறிவிப்பு. நடுவுல 38 நாள். பழைய சென்னையில 600 சதுர அடி வரை 50 சதவீதம், படிப்படியா ஏறி 1,800 சதுர அடிக்கு மேல 150 சதவீதம். இப்போ அ.தி.மு.க. போராட்டம். ஆளுங்க இடம் மாறி உக்காந்தாங்க, வசனம் அப்படியே. வரியை உயர்த்தலன்னா 15ஆவது நிதிக்குழு மானியம் கிடைக்காதுங்கிறது அரசு சொன்ன காரணம். அப்படி ஒரு நிபந்தனை இருந்ததும் உண்மைதான்.

25/
சின்னக் கணக்கு ஒண்ணு. 1998ல இருந்து 2022 வரைக்கும் 24 வருஷம். 50 சதவீத உயர்வை வருஷா வருஷம் பிரிச்சிருந்தா 1.7 சதவீதம் போதும். 150 சதவீதம்னாலும் வருஷத்துக்கு 4 சதவீதத்துக்குள்ளதான். விலைவாசியும் வாடகையும் அதை விட வேகமா ஏறுச்சு. மாத்திரை தினம் ஒண்ணுன்னு சாப்பிட வேண்டியதை, 24 வருஷம் தள்ளிப் போட்டு ஒரே நாள்ல மொத்தமா முழுங்கச் சொன்னா உடம்பு தாங்குமா? மருந்து மேல தப்பில்லை. குடுத்த விதம் தப்பு. அதனாலதான் 2022க்கு அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற முறை வந்துச்சு. அதையும் எதிர்த்தாங்கங்கிறது வேற விஷயம்.

26/
இன்னொரு விஷயம் பலர் கவனிக்கல. 2016 அக்டோபர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அதிகாரி ஆட்சி. 2018 வரி உயர்வு வந்தப்போ, "ஏன் சார்?"னு கேக்க வார்டுல ஒரு ஆள் கிடையாது. 2022ல கவுன்சில் இருந்துச்சு. ஆனா முதல்ல கோட்டையில இருந்து அறிவிப்பு, மன்றத் தீர்மானம் அப்புறம்தான். ஜோசையா சைல்டு இருந்திருந்தா சிரிச்சிருப்பார்.

27/
எங்க திருவொற்றியூர் கதை இன்னும் கொஞ்சம் தனி. தனி நகராட்சியா இருந்தது, 2011ல கத்திவாக்கம், மணலி எல்லாம் மாதிரி சென்னையோட இணைஞ்சுது. இப்போ மண்டலம் 1. புதுசா இணைஞ்ச பகுதிங்கிறதால 2022ல உயர்வு விகிதமும் குறைவு: 600 சதுர அடி வரை 25, அதுக்கு மேல 50, 75, 100. ஆனா தெருவுல கேட்ட பேச்சு சதவீதத்தைப் பத்தி இல்லை. "சென்னைன்னு வரி ஏத்துறாங்களே, சென்னை மாதிரி மழைநீர்க் கால்வாய் எங்க?" அதுதான் கேள்வி. 1678ல கறுப்பர் நகரத்துல கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான்.

28/
சரி, ஓட்டு என்ன ஆச்சு? 2022 வரி உயர்வு, அதே வருஷம் செப்டம்பர்ல மின் கட்டண உயர்வு. 2024 மக்களவைத் தேர்தல்ல தமிழ்நாட்டு 39 தொகுதியும் தி.மு.க. கூட்டணிக்கு. வடசென்னையும் அதுல சேர்த்தி. நடுவுல பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, 2023 செப்டம்பர்ல இருந்து மாசம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை எல்லாம் ஓடிட்டு இருந்துச்சு. எதிரணியும் பிரிஞ்சு நின்னுது. ஒரு காய்ச்சலுக்குப் பத்துக் காரணம் இருக்கிற மாதிரிதான் ஒரு தேர்தலுக்கும்.

29/
கட்டண உயர்வையும் சேர்த்துப் பாக்கலாம். அது வரி இல்லைதான், ஆனா வீட்டு பட்ஜெட்டுக்கு ரெண்டும் ஒண்ணு. 2011 நவம்பர் 17, ஜெயலலிதா பஸ் கட்டணத்தையும் ஆவின் பால் விலையையும் ஒரே நாள்ல ஏத்தினார். அதுவும் உள்ளாட்சித் தேர்தல் முடிஞ்ச அடுத்த மாசம். ஆனாலும் 2014ல 39ல 37 தொகுதி ஜெயிச்சார். 2018 ஜனவரியில எடப்பாடி பழனிசாமி அரசு பஸ் கட்டணத்தை ஏத்துச்சு. மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க, கொஞ்சம் குறைச்சாங்க. 2019 மக்களவையில அந்தக் கூட்டணிக்கு ஒரே ஒரு தொகுதி. ஆனா அதே சமயம் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தல்கள்ல 9 இடம் ஜெயிச்சு ஆட்சியைக் காப்பாத்திக்கிச்சு. இதுல வரிக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சு எடுக்க எந்த லேப்லயும் டெஸ்ட் கிடையாது.

30/
அப்போ வரியால ஆட்சி ஆட்டம் கண்டதே இல்லையா? இருக்கு. பிரிட்டன்ல மார்கரெட் தாட்சர். வீட்டு மதிப்பை வச்சுப் போட்ட உள்ளாட்சி வரியை எடுத்துட்டு, தலைக்கு இவ்வளவுன்னு ஒரு வரி கொண்டு வந்தார். 1989ல ஸ்காட்லாந்து, 1990ல இங்கிலாந்து. மாளிகையில இருக்கிற பிரபுவும் ஒண்டுக் குடித்தனக்காரரும் ஒரே தொகை கட்டணும். 1990 மார்ச் 31 லண்டன்ல பெரும் கலவரம். நவம்பர்ல அவர் கட்சியே அவரை இறக்கிடுச்சு. ஐரோப்பா விவகாரத்துல கட்சிக்குள்ள சண்டையும் ஒரு காரணம். அந்த வரியைக் கைவிடுறோம்னு சொன்ன ஜான் மேஜர் 1992 தேர்தல்ல அதே கட்சிக்கு வெற்றி வாங்கிக் குடுத்தார். ஜனங்க கோபம் கட்சி மேல இல்லை, அந்த அநியாயமான கணக்கு மேல.

31/
இதுக்கு நேர் எதிரா பக்கத்துல இலங்கையைப் பாருங்க. 2019 கடைசியில கோட்டாபய ராஜபக்ச பதவிக்கு வந்ததும் வரியைக் குறைச்சார். வாட் வரி 15ல இருந்து 8 சதவீதம். கைதட்டல்! 2020 ஆகஸ்ட் பாராளுமன்றத் தேர்தல்ல பெரும் வெற்றி. அப்புறம் கொரோனா, சுற்றுலா வருமானம் பூஜ்யம், ரசாயன உரத் தடை, தலைக்கு மேல கடன். கஜானாவுல ஏற்கெனவே ஓட்டை போட்டு வச்சிருந்தாங்க. 2022ல கடன் கட்ட முடியலன்னு அறிவிப்பு, ஜூலையில ஜனாதிபதி நாட்டை விட்டே ஓட்டம்.

32/
அந்த 2022ல இலங்கை அரசு மருத்துவமனைகள்ல மருந்து இல்லாம திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப் போட்டாங்க. ஒரு டாக்டரா எனக்கு இந்த வரலாறு முழுக்க மறக்க முடியாத வரி இதுதான். அடுத்து வந்த ரணில் விக்கிரமசிங்க வரியை ஏத்தினார். வாட் 18 வரைக்கும், சம்பளக்காரங்களுக்கு 36 சதவீதம் வரைக்கும். அங்க டாக்டர்களே வேலை நிறுத்தம் பண்ணாங்க, நிறைய பேர் வெளிநாடு போனாங்க. 2024 தேர்தல்ல ரணிலுக்கு மூணாவது இடம். வரியைக் குறைச்சவரும் போனார், ஏத்தினவரும் போனார். ஆனா கஷ்டப்பட்டது அந்த வார்டுல படுத்திருந்தவங்க.

33/
இப்போ எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா எனக்குப் புரியுறது இது. வரி ஏறினதுக்காக மட்டும் மக்கள் ஒரு ஆட்சியைத் தூக்கி எறிஞ்சது அபூர்வம். நாலு விஷயம் சேரும்போதுதான் கோபம் ஓட்டா மாறுது:
அ) யாரையும் கேக்காம போட்டது (1686)
ஆ) இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவு (தாட்சர்)
இ) பல வருஷம் தூங்கிட்டு ஒரே நாள்ல ஏத்தினது (2018, 2022)
ஈ) திரும்ப எதுவும் வரலன்னு கண்ணுக்குத் தெரியுறது (1678ல இருந்து இன்னைக்கு வரைக்கும்)

34/
ஆனா ஆட்சியாளர்கள் இந்த நாலையும் சரி பண்றதுக்குப் பதிலா, கண்ணுக்குத் தெரியுற வரியைத் தொடவே பயப்படுறாங்க. அந்தப் பயத்துக்கு ஒரு விலை இருக்கு. ஒரு பக்கம் கொசு மருந்து அடிக்கிற ஆள், கால்வாய் தூர் வார்றது, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் பணமில்லாம இழுத்துப் பறிக்கும். இன்னொரு பக்கம் அந்தப் பணம் பாட்டில் மூலமா ஏழைகிட்ட இருந்து போகும். ரெண்டோட பலனும் கடைசியில எங்க ஓபிக்குத்தான் வருது. டெங்குவா ஒருத்தர், வயித்துப்போக்கா ஒருத்தர், கல்லீரல் போனவரா ஒருத்தர்.

35/
"அப்போ வரியை ஏத்துங்கன்னு சொல்றியா டாக்டர்?"னு கமெண்ட்ல திட்ட வருவீங்கன்னு தெரியும். திட்டுங்க. ஆனா எந்தக் கட்சி "வரியே ஏத்த மாட்டோம்"னு சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சரி, அந்தப் பணத்தை எங்க இருந்து எடுப்பீங்க?" கடன்லயா, பாட்டில்லயா, பெட்ரோல்லயா? ஏத்துறோம்னு சொன்னாலும் ஒரு கேள்வி: "எங்க தெருவுக்கு என்ன வரும், எப்போ வரும்?"

36/
இதைக் கேக்க இப்போ ஒரு இடமும் இருக்கு. நகர்ப்புறங்களுக்கு வார்டு கமிட்டி, பகுதி சபான்னு 2022ல தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டு வந்துச்சு. கிராமசபை மாதிரி, நம்ம வார்டுல கவுன்சிலர் முன்னாடி கேள்வி கேக்கலாம். உங்க பகுதி சபா அடுத்து எப்போ கூடுதுன்னு கவுன்சிலர் ஆபீஸ்ல விசாரிங்க. சொத்து வரி ரசீதைக் கையில எடுத்துட்டுப் போங்க. வாடகைக்கு இருக்கீங்களா? நீங்களும் போங்க. வீட்டு ஓனர் கட்டுற வரி உங்க வாடகைக்குள்ளதான் இருக்கு.

37/
காலட் காலத்து நெசவாளருக்குப் பிடிக்கலன்னா தறியைத் தூக்கிட்டு நடக்கிறது ஒண்ணுதான் வழி. நமக்கு அந்த வசதியும் இல்லை, அந்தக் கஷ்டமும் வேண்டாம். ரசீது இருக்கு, வார்டு இருக்கு, ஓட்டு இருக்கு.

இழை முடிஞ்சுது. உங்க ஊர்ல இப்படி வரியை வச்சு வந்த தெருப் பேரோ, பழைய வரிச் சண்டைக் கதையோ இருந்தா கீழ எழுதுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன். அடுத்த இழை நம்ம பழைய சப்ஜெக்ட்தான்: மழைக்காலக் காய்ச்சல்ல எப்போ பயப்படணும், எப்போ வேண்டாம். கொதிக்க வச்ச தண்ணி குடிங்க மக்களே.